அறச்சாலையும் பண்டமும்

திருச்சிற்றம்பலம்

பசித்தார்க்கு உணவளித்தல் சைவமக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய கடமையன்று. மாகேசுர பூசை யென்றும் அன்னம்பாலிப் பென்றும் அதனை நம் முன்னோர் சிவபுண்ணியங்களுள் வைத்துப் போற்றினர். கொடுத்தாரது பெருமையைப் பேசும் நூல்களும் நம்மிடம் மிகப் பல. ஆயின், கொடுத்த பொன் எவ்வாறு அரிசியாயிற்று, அவ்வரிசி எவ்வழியே அட்டிலை அடைந்தது, விறகும் உப்பும் யாரால் தேடப்பட்டன, உண்பார்க்கு உரிய வேளையில் இலை இடப்பட்டதா என்பவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. கொடையைப் பாடுகின்றோம்; பண்டந் தேடிய கால்களை மறக்கின்றோம். அம்மறதியால் விளைந்த கேடுகளை வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

குடம் ஒன்று உண்டாதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நம் சித்தாந்தம் கூறும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் குடம் தோன்றாது. அறச்சாலைக்கும் இந்நியாயம் பொருந்தும். உணவுப்பண்டம் அதற்கு முதற்காரணம். காசு, வண்டி, தோணி, விறகு, களஞ்சியம், அளவு என்பன துணைக்காரணம். அருளுடைய தொண்டர் நிமித்தகாரணம். தொண்டர் நெஞ்சில் இரக்கம் நிரம்பியிருந்தும் அறம் தடைப்படும் இடங்களை ஆராய்ந்தால், பெரும்பாலும் துணைக்காரணம் ஒன்று குறைந்திருத்தலைக் காணலாம். இவ்வுண்மையைப் புராணத்திலும் கல்வெட்டிலும் பிற்காலப் பஞ்ச வரலாற்றிலும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் திருவீழிமிழலையை நோக்குவோம். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அத்தலத்தில் அடியார் கூட்டத்துடன் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துக் கொடிய வற்கடம் வந்துற்றது. அடியார்கள் வருந்தாவண்ணம் நாள்தோறும் ஒவ்வொரு காசு அளிப்பதாக இறைவன் இருவர்க்கும் கனவில் அருளினான். கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாகப் படிக்காசு வைக்கப்பட்டது. அக்காசுகளைக் கொண்டு பண்டங்கள் வாங்கி இருவர் திருமடங்களிலும் அடியார்க்கு அமுது அளித்தனர். சேக்கிழார் பெருமான் இவ்வளவில் நிறுத்தவில்லை. சம்பந்தர் திருமடத்தில் மட்டும் அமுது காலந்தாழ்ந்து ஆயிற்று என்பதையும், அதன் காரணத்தையும் சேர்த்தே கூறுகின்றார்.

நாவரசர் பெற்ற காசைக் கடைக்காரர் வட்டமின்றி ஏற்றனர். சம்பந்தர் பெற்ற காசுக்கோ வாசி கேட்டனர். வாசியாவது மாற்றுக் குறைந்த காசை ஏற்கும்போது வணிகர் கழித்துக்கொள்ளும் தொகை. அவ்வழக்குத் தீர்ந்து பண்டம் கைக்கு வர வேளை கழிந்தது. மடைப்பள்ளியில் உலை பிந்தி ஏறிற்று. காரணம் அறிந்த பிள்ளையார், நாவரசர் உழவாரப்படை தாங்கிக் கைத்தொண்டு செய்தலால் அவர்க்கு வாசியில்லாக் காசு வந்தது என்று தெளிந்தார். தமக்கும் வாசி தீருமாறு பதிகம் பாடி வேண்டினார். அவ்வாறே பெற்றார்.

இவ்வரலாற்றில் உய்த்துணரத்தக்கன மூன்று. இறைவன் நெல்லை அளியாது காசை அளித்தான். ஆகவே காசுக்கும் சோற்றுக்கும் இடையில் கடைத்தெரு நின்றது. அடுத்து, பிள்ளையார் வேண்டியது காசின் மிகுதியையன்று, அதன் செம்மையை. ஒன்றுக்கு இரண்டாகத் தருக என்று அவர் கேட்கவில்லை. பசித்தவர் காத்திருத்தல் ஒழியவேண்டும் என்பதொன்றே அவர்தம் கருத்து. மூன்றாவது, காசு செம்மையுற்றமைக்குக் காட்டப்பட்ட காரணம் கைத்தொண்டு. வாக்கினாற் செய்யும் தொண்டு சிறிதும் தாழ்ந்ததன்று. எனினும் பண்டத்தின் வழியிலுள்ள தடைகளை நீக்குவது கையினாற் செய்யும் தொண்டே என்னும் குறிப்பு இங்கே புலனாகின்றது.

இனிக் குண்டையூர் கிழார் வரலாற்றைக் காண்போம். ஆரூரில் தங்கிய சுந்தரமூர்த்தி நாயனாருக்குச் செந்நெல்லும் பருப்பும் பிறவும் இடையறாது அனுப்பி வந்தவர் இவர். மழையின்மையால் விளைவு குன்றவே அனுப்ப இயலாமல் உணவையும் ஒழித்துக் கவன்றார். இறைவன் அருளால் ஊரை மறைக்கும் நெல்மலை எழுந்தது. இப்போது பண்டம் உண்டு. ஆயினும் அதனை ஆரூருக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை. மனிதரால் எடுக்கலாகாத அளவினது அது. சுந்தரர் அயலிலுள்ள திருக்கோளிலிக்குச் சென்று இறைவனிடம் வேண்டியது நெல்லையன்று. நெல்லைச் சுமந்து செல்லும் ஆட்களையே வேண்டினார். அன்றிரவே பூதகணங்கள் நெல்லைச் சுமந்து சென்று பரவையார் மாளிகையிலும் ஆரூர்த் தெருக்களிலும் நிறைத்தன.

அதன்பின் பரவையார் செய்தது இன்றைய அறச்சாலையார் யாவரும் கருதத்தக்கது. அவரவர் மனையின் முன் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று பறை அறைவித்தார். நெல்லை மீண்டும் ஓரிடத்திற் குவித்துக் காவலிட்டு, மக்களை வரிசையில் நிறுத்தி அளந்து கொடுக்கும் இடைவேலை அங்கே எழவில்லை. நெல் எங்கே இறங்கியதோ அங்கேயே பங்கீடும் நிகழ்ந்தது. விளைவு, சுமை, பங்கீடு என்னும் மூன்றையும் தனித்தனியே எண்ணிக் கூறும் வரலாறு இது.

களஞ்சியத்தைக் காக்கும் அருமையைக் கோட்புலி நாயனார் வரலாறு காட்டும். அவர் சோழர் படைத்தலைவர். சிவாலயத் திருவமுதுக்கென நெற்கூடு கட்டி வைத்து, சுற்றத்தாரிடம் ஆணையிட்டுப் போர்க்குச் சென்றார். பஞ்சம் வந்தது, காக்க வேண்டியவரே அந்நெல்லை எடுத்து உண்டனர். மீண்டு வந்த நாயனார் செய்த கடுஞ்செயலை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. ஓர் அறத்துக்கென்று ஒதுக்கிய பண்டம் பஞ்சகாலத்தில் அயலார் கையினும் உற்றார் கையினாலேயே விரைந்து குறையும் என்பதைச் சேக்கிழார் மறைக்காமற் சொன்னார் என்பதே நாம் குறிக்கவேண்டுவது. இளையான்குடி மாறனார் வரலாறோ, சேமிப்பு முற்றும் ஒழிந்த இல்லத்தில் ஒரு விருந்தினர்க்கு அமுதளிக்க வித்திய முளைநெல்லும், கூரை மரமும், குழிநிரம்பாத கீரையும் வேண்டியிருந்ததைக் கூறுகின்றது. அரிசி மட்டும் உணவாகாது. விறகும் கறியும் சேர்ந்தே உணவாகும்.

புராணத்தில் வாழ்வாகக் காட்டப்பட்ட இவ்வறிவு, சோழப் பேரரசர் காலத்தில் கோயில் ஆட்சியில் முறையாக அமைந்தது. கோயில்களில் எரிந்த நந்தா விளக்கை எடுத்துக்கொள்வோம். நெய்யை ஒருமுறை வாங்கிக் கொடுத்தால் அது தீர்ந்துவிடும். பணத்தைக் கொடுத்தால் நெய்விலை ஏறும்போது விளக்கு மங்கும். ஆகவே ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையர் வசம் ஒப்புவிக்கப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அவர் அளக்கவேண்டும். தஞ்சைப் பெரியகோயிலில் 96 ஆட்டுக்கு ஈடாக 48 பசு அல்லது 16 எருமை என்று கணக்கிட்டனர். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு இறப்பதும் மூப்பதும் இயல்பே. ஆயினும் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ளுதல் இடையர் பொறுப்பு. ஆகவே அறத்தைப் பொறுத்தவரை ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. பண்டத்தைத் தாராது பண்டம் பிறக்கும் ஊற்றையே தந்துவிட்ட முறை இது.

முதலாம் இராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களும் இந்நுணுக்கத்தைக் காட்டும். திருமஞ்சன நீருக்கு வேண்டும் ஏலவரிசி, செண்பகமொட்டு, இலாமச்சம் ஆகிய சிறு பண்டங்களுக்குங்கூடத் தனித்தனி முதல் வைக்கப்பட்டது. அம்முதலை ஊர்ச்சபைகள் ஏற்று, காசொன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு வட்டியாகச் செலுத்தின. நெல் அளக்கும் மரக்காலும் ஆடவல்லான் என்று பெயர் குறித்து வரையறுக்கப்பட்டது. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டால் அறத்தின் அளவு வழியிலேயே தேய்ந்துவிடும் அன்றோ?

உணவுச்சாலைக்கு அடுத்ததாகிய மருத்துவச்சாலைக்கு ஒரு சான்று திருமுக்கூடலில் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்துத் திருமால் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த ஆதுலர்சாலையை விளக்குகின்றது. அச்சாலைக்கு வீரசோழன் என்று பெயர். அதிலிருந்த படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் முதலியோர்க்கு அளக்கும் நெல் வரையறுக்கப்பட்டுள்ளது. மருந்துச்செடி கொணரவும் விறகு தேடவும் மருந்து சமைக்கவும் இருவர் தனியே நியமிக்கப்பட்டிருந்தனர் என்பது நாம் குறிக்கத்தக்க செய்தி. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி முதலாக ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. நோயாளி வந்தபின் காட்டுக்கு ஆள் அனுப்பும் சாலை மருத்துவச்சாலையன்று என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

இவ்வறிவு கைவிடப்பட்டபோது விளைந்ததைக் கடந்த இரு நூற்றாண்டுகளின் வரலாற்றிற் காண்போம். 1865-ஆம் ஆண்டில் ஒரிசா நாட்டில் மழை முன்னதாகவே நின்றது, நெல் கருகியது. வங்காள அரசினரிடம் பணம் இருந்தது. துயர்நீக்கும் வேலைகளைத் தொடங்கி மக்களுக்குக் கூலியும் காசாக அளித்தனர். ஆனால் காசைக் கையிற் பற்றியவர் கடைத்தெருவுக்குச் சென்றால் அங்கே அரிசி இல்லை. வெளியிலிருந்து அரிசி கொணர வேண்டுமென்னும் வேண்டுகோளை அரசினர் முதலில் மறுத்தனர். விலை ஏறினால் வணிகர் தாமே கொண்டுவருவர் என்பது அவர் கொள்கை. 1866 மே மாத இறுதியில் அரிசி தருவிக்க ஆணை பிறந்தபோது பருவமழை நெருங்கிவிட்டது. அக்கரையில் நல்ல துறைமுகமில்லை. கொந்தளிக்கும் கடலில் கப்பலினின்று மூட்டையை இறக்குதல் அரிதாயிற்று. உள்நாட்டு வழிகள் சேற்றிலும் வெள்ளத்திலும் மறைந்தன. ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் இறந்தனர். மறு ஆண்டில் வேண்டிய அளவுக்கு மேலாக அரிசி வந்து சேர்ந்தது. 1867-இல் விளைவு நன்றாயிருந்தமையால் அதிற் பெரும்பகுதி பயனின்றிக் கிடந்தது. ஓராண்டு முந்தி வந்திருந்தால் உயிர் காத்திருக்கும் நெல், காலம் தப்பியமையால் வெறுஞ்சுமை ஆயிற்று.

திருவீழிமிழலையில் காசு இருந்தும் உலை பிந்தியதையும் குண்டையூரில் நெல் இருந்தும் ஆள் இல்லாமையையும் ஒருங்கே கண்ட கொடுமை இது. அங்கே வாசி தீர்க்க வேண்டினார் ஒருவர். சுமக்க ஆள் வேண்டினார் ஒருவர். இங்கே வேண்டுவார் குரல் கொள்கையின் வாயிலில் நின்றுவிட்டது.

பத்தாண்டு கழிந்து 1876-இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பற்றியது. 1878 வரை நீண்ட அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோயிலும் இந்திய நாட்டில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். ஒரிசாவைப் போலன்றி இங்கே துறைமுகமும் இருப்புப்பாதையும் இருந்தன. கப்பல்களில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைபோற் குவிந்தது. ஆயினும் அக்குவியலை உள்நாட்டுக்கு ஏற்றிச்செல்லும் ஆற்றல் புகைவண்டிகளுக்குப் போதவில்லை. புகைவண்டி நிற்குமிடத்துக்கு அப்பால் மாட்டுவண்டியன்றி வழியில்லை. மாடுகளோ தீனியும் நீருமின்றி மடிந்துகொண்டிருந்தன. மனிதனுக்கு உணவு கொண்டுசெல்ல முதலில் மாட்டுக்கு உணவு வேண்டும் என்பதைப் பல்லாரிச் சீமைச் சாலைகளில் கிடந்த எலும்புகள் உணர்த்தின.

பண்டம் வாங்குதலிலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. பெரியதோர் அறம் கடைத்தெருவில் இறங்கி வாங்கத் தொடங்கினால் விலை உடனே ஏறும். அறம் ஒருவனுக்கு ஊட்டும்போது, தன் காசில் வாங்கி உண்ணும் மற்றொருவன் பட்டினியாவான். இதனைக் கருதிய சென்னை அரசினர் ஒரு வணிகக் கழகத்தின் வாயிலாக 30,000 டன் தானியத்தை மறைவாக வாங்கினர். வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று இந்திய அரசினர் அதனைக் கண்டித்தனர். அதன்மேல் பஞ்ச நிலையை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று படியைக் குறைத்தார். சென்னைச் சுகாதார அதிகாரியாகிய மருத்துவர் கார்னிஷ் அப்படியால் உயிர் நில்லாது என்று எதிர்த்து எழுதினார். பண்டம் கிட்டாதபோது அளவைக் குறைப்பது எளிது. குறைத்த அளவு உடலைக் காக்குமா என்று ஆராய்வதே அரிது.

1877 ஆகஸ்டில் இலண்டன் நகரத் தலைவரின் பெயரால் திரட்டத் தொடங்கிய அறநிதி சென்னைக்கு வந்தபோது, அதனைப் பகிர்ந்த குழுவினர் நல்லதொரு முறையைக் கைக்கொண்டனர். உணவு தருதலை அரசின் பொறுப்பாக விட்டு, உழவர்க்கு விதையும் எருதும் வாங்கவும், சரிந்த கூரையை வேயவும், ஆடையின்றி வருந்தினார்க்குத் துணி தரவும் பெரும்பகுதியைச் செலவிட்டனர். வித்திய நெல்லையே மீட்டு எடுத்த மாறனார் இல்லத்தில் அடுத்த விளைவுக்கு விதை ஏது என்னும் வினாவுக்கு அவர் அளித்த விடை இது எனலாம். பஞ்சம் நீங்குவது மழை வந்த நாளிலன்று. விதை உள்ளவன் நிலத்தில் மழை விழுந்து கதிர் முற்றிய நாளிலேதான்.

இப்பெரும் பஞ்சங்களின் ஊடே நம்மவர் நடத்திய இரண்டு அறங்களை நினைதல் வேண்டும். ஒரிசாவை வருத்திய வற்கடம் சென்னை மாகாணத்தையும் தீண்டிய காலத்தை யடுத்து, 1867-ஆம் ஆண்டு வைகாசித் திங்கள் 11-ஆம் நாள் வடலூரில் இராமலிங்க அடிகளார் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. ஒருநாள் மறுநாளைக்கு அரிசியில்லை யென்று அன்பர் கவன்றதும், அடிகளார் வருமென்று அருளியதும், மறுநாள் வெளியூரினின்று வண்டிகளில் அரிசி வந்ததும் அங்கே வழிவழியாகப் பேசப்படும் செய்திகள். அச்செய்தியைப் போற்றுவோர் அதனோடு சேர்த்து எண்ணவேண்டுவன இரண்டு. சாலை அமைந்த நிலம் பார்வதிபுரத்து மக்கள் பலர் சேர்ந்து அளித்த ஏறக்குறைய 80 காணிப் பரப்பு. அவ்விடமோ தெற்கும் வடக்குமாகவும் கிழக்கும் மேற்குமாகவும் செல்லும் பெருவழிகள் கூடுமிடம். பசித்தோரும் வண்டிகளும் எளிதில் வந்து சேரத்தக்க இடத்தில் அறம் நின்றது. வந்த அரிசி அருளால் வந்தது. அருளும் வழியுள்ள இடத்திற்கே வண்டியை அனுப்பிற்று.

மற்றொன்று யாழ்ப்பாணத்தது. இலங்கை தன் அரிசியிற் பெரும்பகுதியை இந்தியக் கரையினின்று பெற்றுவந்த நாடு. ஆகவே தாது வருஷப் பஞ்சம் கடலையுந் தாண்டி வருத்தியது. 1877-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் விஷபேதியும் ஒருங்கே பரவ, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சோறாக்காமல் கஞ்சியாக்கியது ஏழைமையின் அடையாளமன்று. நிலைமைக்கு ஏற்ற அறிவு. கொண்ட அரிசி பலர்க்கு எட்டும். பட்டினியால் மெலிந்த குடலுக்குக் கஞ்சியே ஏற்கும். அரிசியாகக் கொடுத்தால் அது விலைக்குப் போதலும் உண்டு, கஞ்சியை யாரும் பதுக்கார். அடிகளாரும் நாவலரும் பாடல் பற்றிய வழக்கில் மாறுபட்டு நின்றமை யாவரும் அறிந்ததே. அவ்வழக்கை இன்றும் விரித்துப் பேசுவோர், பசித்தவன் முன் இருவரும் ஒரே செயலைச் செய்தனர் என்பதையும் பேசுவாராக.

1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் துணைக்காரணத்தின் அருமையை மீண்டும் காட்டிற்று. 1942-இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கைப்படலாகாதென்று வங்கக் கடற்கரை மாவட்டங்களில் மிகுதி நெல்லை அரசினர் அகற்றினர். பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் தோணிகளையும் பறித்தனர், அழித்தனர். ஆறுகளே தெருக்களாகிய நாட்டில் தோணியை அழித்தல் சந்தையை அழித்தலாகும். அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபூரைப் புயல் தாக்கியது. மாகாணங்கள் தத்தம் நெல்லை வெளிச்செல்லாமல் தடுத்தன. போர்க்காலப் பணப்பெருக்கத்தால் விலை நாளுக்குநாள் ஏறியது. அறச்சங்கங்கள் திரட்டிய காசு, திரட்டி முடியுமுன்பே பாதி மதிப்பை இழந்தது. பண்டை வாசி வேறுருக்கொண்டு வந்தது என்க.

இராமகிருஷ்ண மடத்தாரும் பிற சங்கத்தாரும் அரசினரும் கஞ்சிச்சாலைகள் திறந்தனர். அரிசி போதாமையால் கம்பும் சோளமும் கலந்து காய்ச்சினர். சோறே உண்டு பழகி, பட்டினியால் குடல் நைந்திருந்த மக்கள் பலர்க்கு அது செரியாது நோயாயிற்று. பஞ்ச விசாரணைக் குழு இறந்தோர் தொகை ஏறக்குறைய 15 இலட்சம் என்றது. பின்வந்த ஆராய்ச்சியாளர் 30 இலட்சம் வரையிலும் மதிப்பிட்டனர். கம்பு நல்லுணவே. எவர்க்கு, எந்நிலையில், எவ்வாறு சமைத்து என்னும் வினா விடப்பட்டமையால் நல்லுணவும் ஊறு செய்தது.

கொடுப்போர் மிகுந்தும் கொள்வோர்க்கு உதவாத காட்சி அண்மையில் நம் சோழநாட்டிலேயே நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தது. நாட்டின் பல பக்கங்களினின்றும் வண்டி வண்டியாகப் பழந்துணிகள் வந்தன. வேண்டுவார் இன்றிச் சாலையோரங்களிற் குவிந்து மழையில் நனைந்தன. அனுப்பினார் நெஞ்சில் இரக்கம் இருந்தது. இழந்தவர் யாது வேண்டினர் என்று கேட்கும் பொறுமை இருக்கவில்லை. சுமக்க ஆள் வேண்டிச் சுந்தரர் பாடிய திருக்கோளிலி அந்நாகை மாவட்டத்திலேயே உள்ளது. அவர் கேட்டது, அப்போது எது இல்லையோ அதனை.

இங்கே அன்பர் சிலர் ஒரு தடை கூறலாம்: "அன்னம் பாலிப்பவன் தில்லைக் கூத்தன், அவன் தருவான் என்றிராமல் கணக்கும் களஞ்சியமும் பேசுவது நம்பிக்கைக் குறைவன்றோ?" என்பர். அன்று. இறைவன் காசளித்த தலத்திலேயே அடியார் பிந்தி உண்ண நேர்ந்ததும், அக்குறையைப் பிள்ளையார் ஆராய்ந்து அறிந்ததும் சேக்கிழார் வாக்காதலின், ஆராய்தல் அருளுக்கு மாறாகாது. திருவருள் கருவிகளை முன்னிட்டுச் செயற்படும் என்பது நம் சாத்திரத் துணிபு. குயவன் வல்லன் என்பதனால் சக்கரம் வேண்டாமென்று கூறுவார் இல்லை. கருவியைப் பேணாது அருளை மட்டும் பேசுதல், கொடுக்கும் கைக்குப் புண்ணியத்தையும் உண்ணும் வாய்க்குப் பட்டினியையும் பங்கிடுவதாக முடியும்.

வேறு சிலர் இதற்கு மறுதலையாக, வாங்கலும் விற்றலும் வண்டியோட்டலும் உலகியல் என்றும், பூசையும் பாராயணமுமே சிவத்தொண்டு என்றும் கருதுவர். நாவரசர் கையில் உழவாரம் இருந்தது. அக்கைத்தொண்டே காசின் வாசியைப் போக்கிற்று என்று பிள்ளையாரே தெளிந்தனர். சந்தையில் மாற்றறிந்து காசு செலுத்துபவரும், ஒரே மரக்காலால் அளப்பவரும், மழைக்கு முன் விறகு அடுக்குபவரும், கணக்கில் ஒரு படியும் மறையாமல் எழுதுபவரும் உழவாரம் ஏந்தியவரே. அவர் தொண்டு அட்டிலின் புகைக்குள் நடப்பதாற் புகழ் எய்தாது; அவரின்றிக் கொடையாளர் புகழும் நில்லாது.

ஆதலின் மடங்களிலும் திருக்கோயில்களிலும் சங்கங்களிலும் அன்னம் பாலிக்கும் அன்பர்கள், நிதி திரட்டும்போதே ஐந்து வினாக்களை எழுப்புவாராக. வேண்டுவோர் உண்மையில் வேண்டும் பண்டம் எது? அது எச்சந்தையில், யார் உணவைக் குறைக்காமல் கிட்டும்? எவ்வழியே, எம்மாரியில், எவர் சுமந்து வருவர்? வரும்வரையும் வந்தபின்னும் அதனைக் காப்பவர் யார்? உண்பவர் முன் அது எவ்வேளையில் எவ்வுருவில் சேரும்? சாவா மூவாப் பேராடு வைத்தவரும், 15 படுக்கைக்கு ஓராண்டு மருந்து சேமித்தவரும், கஞ்சித்தொட்டி வைத்தவரும் இவ்வினாக்களுக்கு விடை கண்டே அறத்தைத் தொடங்கினர். விடை காணாத இடத்தில் காசும் நெல்லும் இரக்கமும் உடனிருக்கவே உயிர்கள் போயின.

படிக்காசு பெற்ற அந்நாளில் வீழிமிழலையில் ஒரு மடத்தில் அடியார் உண்டு எழுந்தனர். மற்றொரு மடத்தில் அடியார் இலைக்குக் காத்திருந்தனர். இருமடங்களுக்கும் இறைவன் அருள் ஒன்றே. வேறுபாடு காசின் வாசியளவே. அவ்வாசி எங்குள்ளதென்று தேடித் தீர்ப்பதே நமக்கென்று வைக்கப்பட்ட தொண்டு.

திருச்சிற்றம்பலம்